வில்லிபுத்தூர் முதல் வீரிருப்பு வரை: ஜப்பான் பிரியர்களுக்கு ஒரு சிக்கனப் பயணம்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலுக்கு அருகில் வீரிருப்பு என்ற சிற்றூரில், கரிசல் காட்டுக்கு நடுவே, ஜப்பானியப் பௌத்தத் துறவியர் சங்கம் ஒன்று எழுப்பிய உலக அமைதிக் கோபுரம் நிற்கிறது. 2020இல் திறக்கப்பட்டது. ஹைக்கூ படிப்பவர்கள், அனிமே பார்த்து வளர்ந்தவர்கள், ஜப்பானிய மொழித் தேர்வுக்காகச் சென்னையில் வகுப்புக்குப் போகிறவர்கள் எனத் தமிழ்நாட்டில் ஜப்பான் பிரியர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. டோக்கியோவுக்கு டிக்கெட் எடுக்கும் வசதி வரும்வரை காத்திருப்பவர்கள், இரண்டு இரவும் மூன்று பகலும் ஒதுக்கினால் செங்கோட்டை ரயில் தடத்திலேயே அந்த ஆசைக்குக் கொஞ்சம் தீனி போடலாம். கோபுரத்தை மட்டும் பார்த்துத் திரும்புவதாக இருந்தால் அரை நாள் போதும். வழியிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் அது பயணமாகும்.

தங்குமிடமாக ராஜபாளையத்தை வைத்துக்கொள்வது நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர், சங்கரன்கோவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பேருந்து அடிக்கடி உண்டு. சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் தோது. இரவில் எழும்பூரில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என்ற வரிசையில் வண்டி நிற்கும். படுக்கை வசதிப் பெட்டியில் நானூறு ரூபாய்க்கு உள்ளாகவே கட்டணம் முடிந்துவிடும், ஆனால் கடைசி வாரத்தில் பதிவு செய்யப் போனால் இடம் கிடைக்காது. கொல்லம் எக்ஸ்பிரஸும், வாரத்தில் சில நாள் ஓடும் சிலம்பு எக்ஸ்பிரஸும் மாற்று வழிகள். மதுரையிலிருந்து வருபவர்கள் முன்பதிவே செய்ய வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை 75 கிலோமீட்டர்தான், பேருந்திலேயே வந்துவிடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பதால், பெண்கள் இந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்கும் செலவு இன்னும் குறையும்.

எந்த மாதம் போவது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வெயில் தாழ்ந்திருக்கும், மலையடிவாரத்தில் பச்சை இருக்கும். ஆனால் மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் கூட்டம் நெரியும், பொங்கல் வாரத்தில் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. பொங்கலை ஒட்டியே, ஜனவரி 15ஆம் தேதி, ஜப்பானில் கோஷோகாட்சு என்ற சிறு புத்தாண்டைக் கொண்டாடுகிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இந்த இரண்டு பண்டிகைகளையும் ஒப்பிட்டு, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டாலும் அவருடைய ஒப்பீடுகள் தமிழ்நாட்டில் ஜப்பானைப் பற்றிய ஓர் ஆர்வத்தைக் கிளறிவிட்டன என்பது உண்மை. சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் பக்கம் வருவது வீண் சிரமம்.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பார்கள். மதுரை மேலைக் கோபுரமே என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஜப்பானிலுள்ள மர அடுக்குக் கோபுரங்களில் மிக உயரமானது கியோட்டோவின் தோஜி கோயிலில் இருக்கிறது. ஐந்தடுக்கு, சுமார் 55 மீட்டர். வில்லிபுத்தூர்க் கோபுரம் அதைவிட மூன்று மீட்டருக்கு மேல் கூடுதல். உயரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இரண்டும் நிற்கும் விதம் வேறு. இங்கே கீழே கல், மேலே செங்கல்லும் சுதையும், கீழிருந்து மேலே குறுகிக்கொண்டே போகும் கனம். அங்கே எல்லாமே மரம். நடுவில் ஓங்கி நிற்கும் ஒற்றைத் தூண், அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள். நிலநடுக்கத்தில் அடுக்குகள் தனித்தனியே அசைந்து கொடுப்பதால் கட்டடம் முறியாமல் தப்பிக்கிறது. வேலையும் வேறுதான். கோபுரம் வாசலுக்குக் காவல், அடுக்குக் கோபுரமோ புத்தரின் எச்சத்தைக் காக்கும் ஸ்தூபியின் வழிவந்தது. மூன்றாம் நாள் வீரிருப்பில் ஸ்தூபியைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு நினைவில் இருந்தால் உதவும்.

ஜப்பான் பிரியர்கள் வில்லிபுத்தூரில் தவறவிடக் கூடாத காட்சி ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி. நாள்தோறும் புதிதாகக் கட்டப்படும் கிளி அது. மாதுளம்பூ மூக்காகும், மரவள்ளி இலை உடலாகும். நந்தியாவட்டை இலையும் பனையோலையும் இறக்கை, அரளி மொட்டுகள் வால், மூங்கில் குச்சி கால். கண்ணுக்குக் காக்காய்ப்பொன், எல்லாவற்றையும் பிடித்துக் கட்ட வாழைநார். கட்டி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு பொழுது ஆண்டாள் கையில் இருந்துவிட்டுப் பிறகு அது பக்தர் ஒருவர் கைக்குப் போய்விடும், அடுத்த நாளைக்கு அடுத்த கிளி. இகேபானா என்னும் மலர் அமைப்புக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் வாடப்போகும் பொருளில் காட்டும் சிரத்தையையே அதன் உயிர் என்பார்கள். அந்தச் சிரத்தையைத் தத்துவமாகப் பேசாமல் அன்றாட வேலையாகச் செய்கிற இடம் இது. பெரியாழ்வாரின் நந்தவனத்தையும், ஆண்டாள் மாலை சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணற்றையும் பார்த்துவிட்டு வரலாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலையிலோ மாலை நாலு மணிக்குப் பிறகோ போக வேண்டும்.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு வர முடிந்தவர்கள் இன்னொரு ஒப்பீட்டையும் கண்ணால் காணலாம். கியோட்டோவில் ஜூலை மாதம் நடக்கும் கியோன் திருவிழாவின் தேர்கள் உலகப் புகழ் பெற்றவை. பெரியவை 25 மீட்டர் உயரம், 12 டன் எடை வரை போகும். 17ஆம் தேதியும் 24ஆம் தேதியும் ஊர்வலம். அந்தத் தேர்களின் சக்கரம் திரும்பாது. தெருமுனை வந்ததும் பிளந்த மூங்கில் பட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் இழுத்துச் சறுக்கவிட்டுத் திருப்புவார்கள். மொத்தக் கூட்டமும் காத்திருப்பது அந்தக் கணத்துக்குத்தான். வில்லிபுத்தூரில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அதே வேலையை வேறு முறையில் செய்கிறார்கள். உருளும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சரியான சாய்வில் திணித்துத் தேரின் போக்கை அங்குலம் அங்குலமாக மாற்றுவார்கள். ஒரு விரற்கடை பிசகினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். மரச் சக்கரம் இருந்த காலத்தில் இந்தத் தேர் நிலை சேர நாள்கணக்கில் ஆனதுண்டு. இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்திய பிறகுதான் நிலைமை மாறியது. கியோன் தேர்களில் தொங்கும் பழைய துணிகளில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன சாயத்துணிகளும் உண்டு என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

பால்கோவா வாங்காமல் யாரும் வில்லிபுத்தூரை விட்டுப் போவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு இது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராது. அகன்ற இரும்புச் சட்டியில் பால் சுண்டச் சுண்ட, அடிபிடிக்காமல் ஒருவர் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் போச்சு. பழைய ஜப்பானிலும் பாலை இப்படி மணிக்கணக்கில் சுண்டவைத்துக் கட்டியாக்கினார்கள். நாரா தலைநகராக இருந்த காலத்தில் அரசவைக்கு வரியாகப் போன 'சோ' என்ற அந்தப் பண்டத்தில் சர்க்கரை கிடையாது. இடையில் வழக்கொழிந்து, நாரா பக்கத்து அசுகாவில் மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். 2020 வசந்தத்தில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பால் தேங்கியபோது, ஜப்பானிய வீடுகளில் பலர் சோ கிளறிப் படம் போட்டது ஒரு சமூக ஊடக அலையாகவே ஆனது. வில்லிபுத்தூர்க்காரர் யாராவது அப்போது ஒரு சட்டி சர்க்கரை அனுப்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும். ஊர் திரும்பும்போது அந்தந்த ஊர்ப் பண்டத்தை வாங்கி அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பது ஜப்பானில் எழுதப்படாத சட்டம். நமக்கும் அது புதிதல்ல. பால்கோவா சில நாள்தான் தாங்கும் என்பதால் முதல் நாளே வாங்கிப் பையில் போட வேண்டாம், கிளம்பும் நாளில் வாங்கலாம்.

வில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. மலையடிவாரம் தொடங்கும் இடம் அது. நரை அணில்களைக் காப்பதற்காக 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அதே 1988இல்தான் ஹயாவோ மியாசாகியின் 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ' படம் ஜப்பானில் வெளியானது. பெரிய மரத்தின் பொந்தில் வாழும் காட்டு உயிரைக் குழந்தைகள் கண்டுகொள்ளும் கதை. அந்தப் படத்துக்குத் தூண்டுதலான சயாமா குன்றுகளில் வீட்டுமனைகள் பெருகிக் காடு கரைந்தபோது, மக்கள் நன்கொடை திரட்டித் துண்டு துண்டாகக் காட்டை விலைக்கு வாங்கிப் பாதுகாத்தார்கள். இன்றும் அது டோட்டோரோ காடு என்றே அழைக்கப்படுகிறது. நரை அணில் டோட்டோரோ அளவுக்கு இல்லாவிட்டாலும் சாதாரண அணில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆச்சரியம்தான். மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டு அடியைத் தாண்டும். தரைக்கு இறங்குவது அபூர்வம். ஒன்றோடொன்று கிளை கோத்த மரங்களின் உச்சியிலேயே வாழ்வதால், இடையில் ஒரு மரத்தை வெட்டினாலும் அதன் பாதை அறுந்துபோகும். பார்க்க விரும்புகிறவர்கள் விடிந்ததும் புளியமரமும் மாமரமும் அடர்ந்த ஓரங்களில் அண்ணாந்து காத்திருக்க வேண்டும். முதலில் கிளை அசையும், அதன் பிறகுதான் அணில் தெரியும். வனத்துறை அனுமதிக்கிற எல்லைக்கு அப்பால் போகக் கூடாது. கோடைத் தீ, காட்டாற்று வெள்ளம், விலங்கு நடமாட்டம் என்று ஏதாவது காரணத்தால் வழியை மூடிவைக்கிற நாள்களும் உண்டு. முந்தின நாளே ஊரில் விசாரித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

இரண்டாம் நாள் காலையைச் சிவகாசிக்குக் கொடுக்கலாம். வில்லிபுத்தூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். அங்கே கோயிலையோ காட்டையோ பார்க்கப் போவதில்லை, தீப்பெட்டியைப் பார்க்கத்தான். இந்தியச் சந்தையில் ஒரு காலத்தில் விற்ற தீக்குச்சியில் பெரும்பகுதி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. ஜப்பானியர்கள் இந்தியர்களுக்காகவே லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன் படங்களை அச்சடித்துப் பெட்டியில் ஒட்டி அனுப்பினார்கள். 1910ஐ ஒட்டிக் கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் எளிய கைப்பொறிகளை வைத்துத் தீக்குச்சி செய்யத் தொடங்கின. பக்கத்திலிருந்த வங்காளிகள் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அய்யா நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பயின்று வந்து, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கினார்கள். ஜப்பானின் கோபேயில் வளர்ந்த கைத்தொழில் கல்கத்தா வழியாக வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்த கதை அது. ஜப்பானில் இன்று தீப்பெட்டியின் தலைநகரம் ஹிமேஜி. வெள்ளைக் கோட்டையைப் பார்க்கப் போகிற சுற்றுலாக்காரர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஹிமேஜிக்கு அந்தத் தொழில் போனதற்குச் சொல்லப்படும் காரணம் மழை குறைவு, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும் என்பது. சிவகாசிக்கும் அதே காரணம்தான். வறட்சியையே முதலாக்கிப் பிழைத்த இரண்டு ஊர்கள்.

ஆலைக்குள் போய்ப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். மருந்து புழங்கும் இடம், வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அங்கே வேலையில்லை. பெட்டிக்கடைகளில் விதவிதமான சின்னம் போட்ட தீப்பெட்டிகளைத் தேடி வாங்குவதே போதும். ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாய். பத்து வகை சேர்த்தாலும் இருபது ரூபாய்க்குள் ஒரு சேகரிப்பு தயாராகிவிடும். தீப்பெட்டி ஒட்டுப்படம் சேர்ப்பது ஜப்பானில் நூற்றாண்டு கண்ட பொழுதுபோக்கு. குச்சியைக் கடைக்காரரிடமோ விடுதியிலோ கொடுத்துவிட்டு வெறும் பெட்டியை எடுத்து வருவது நல்லது. பட்டாசு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ரயிலில் ஏற்றுவது குற்றம், பிடிபட்டால் அபராதமோ சிறையோ உண்டு.

பிற்பகல் ராஜபாளையத்துக்கு. பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா பிறந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் ஓய்வதில்லை. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது. வெளுத்த, மெல்லிய, இழை இடைவிட்ட அந்தத் துணியைப் பார்த்தால் ஜப்பானியக் கைத்துணி சேகரிப்பவர்களின் கை சும்மா இருக்காது. சாதாரண வெள்ளைப் பருத்தியில் சாயம் ஏற்றிய தெனுகுய் என்ற துண்டை முகம் துடைக்கவும் தலையில் கட்டவும் பொட்டலம் போடவும் ஜப்பானியர் வைத்திருக்கிறார்கள். துண்டுக்கு ஆயிரம் வேலை வைத்திருக்கும் தமிழருக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, மலிவு விலையில் வெள்ளைத் துணி வாங்கி வீட்டில் சாயமேற்றிப் பழகிப் பார்க்கலாம் என்பதைத் தவிர.

ராஜபாளையம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது நாய்தான். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். இந்திய அஞ்சல் துறை 2005இல் நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நாலு தபால்தலைகளில் ஒன்று இதற்கு. ஜப்பானில் அகிதா நாயை 1931இல் அரசு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. இறந்துபோன எசமானுக்காக ஷிபுயா நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஹாச்சிகோ அந்த இனம்தான். மேல்நாட்டு நாய்களோடு கலந்து நாட்டு இனம் அழிந்துவிடும் என்ற பயத்தில் அந்த அறிவிப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கே பாதுகாப்புச் சங்கங்கள் தோன்றிவிட்டன. இங்கே அந்தப் பயம் வர வெகுகாலமாயிற்று. நாய் வளர்ப்பவர்களின் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு நுழைய வேண்டும். ராஜபாளையம் நாய் வேற்று ஆளிடம் கொஞ்சிக் குழையாது. குட்டியைக் கண்டதும் மனம் இளகி வாங்கிவிடுகிறவர்கள் அடுக்ககத்தில் அதற்கு ஓட இடமில்லை என்பதை ஊருக்குப் போன பிறகுதான் உணர்கிறார்கள்.

மாலையில் நேரமிருந்தால் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்து அய்யனார் கோயில் பக்கம் போய் வரலாம். அருவி, ஆறு, காட்டுக்குள் நீர்காத்த அய்யனார். ஷின்டோ கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்ட மரக்கூட்டத்தை ஜப்பானியர் காவல் தெய்வத்தின் காடு என்று கருதுகிறார்கள். தண்ணீருக்குக் காவலாக ஒரு தெய்வத்தை உட்கார வைத்து, மரத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இரண்டு நாட்டிலும் உண்டு. ராஜபாளையத்துக்குக் குடிநீர் இந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது. இங்கும் வனத்துறை அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் சங்கரன்கோவிலும் அருகிலுள்ள வீரிருப்பும். வீரிருப்புக் கோபுரத்தை எழுப்பிய சங்கத்தின் பெயர் நிப்பொன்சான் மியோஹோஜி. நிச்சிரென் என்ற 13ஆம் நூற்றாண்டுத் துறவியின் வழியில் தாமரைச் சூத்திரத்தைப் போற்றுகிறவர்கள். நிறுவனர் நிச்சிதாட்சு ஃபூஜி 1885இல் பிறந்து 1985இல் மறைந்தார், ஏறக்குறைய நூறாண்டு வாழ்க்கை. 1931இல் இந்தியா வந்தார். 1933இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். இந்தச் சங்கத்தின் மந்திரம் காந்தியின் ஆசிரமப் பிரார்த்தனையிலேயே இடம் பெற்றது. ஹிரோஷிமா, நாகசாகி அழிவுக்குப் பிறகு, போருக்கு எதிராக உலகெங்கும் அமைதிக் கோபுரங்கள் கட்டுவதை ஃபூஜி தம் பணியாக எடுத்துக்கொண்டார். முதல் கோபுரம் 1954இல் குமமோத்தோவில் எழுந்தது. இந்தியாவில் ராஜகிருகம் 1969, ஒடிசாவின் தௌலி 1972, பிறகு லே, டார்ஜிலிங், வார்தா, வைசாலி, டெல்லி. இலங்கையில் சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலும் காலிக்கு அருகிலும் உண்டு. அந்த வரிசையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது வீரிருப்பு.

சிவப்பு வாயில் வளைவும் வளைந்த ஓட்டுக் கூரையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அமைதிக் கோபுரத்தின் வடிவம் ஜப்பானியக் கோயிலுடையதல்ல. சாஞ்சியை நினைவூட்டும் அரைக்கோளம், வெள்ளை நிறம், உச்சியில் கூர்முனை. இந்தச் சங்கத்தின் கோபுரங்களில் நாலு திசைக்கு ஒன்றாகப் புத்தரின் உருவங்களை வைப்பது வழக்கம், பிறப்பு, ஞானம், முதல் போதனை, பரிநிர்வாணம் என்று. இந்தியாவில் பிறந்த ஸ்தூபி சீனம், கொரியா வழியாக ஜப்பானுக்குப் போய் மர அடுக்குக் கோபுரமாக மாறியது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து ஜப்பானியத் துறவிகளே பழைய இந்திய வடிவத்தில் ஸ்தூபி கட்ட இந்தியாவுக்கு வந்தார்கள். போதிதர்மர் என்ற பௌத்தத் துறவி காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போனார் என்ற மரபுக்கதையை வைத்துத் தமிழ்நாட்டில் எவ்வளவோ பேசப்படுகிறது, ஒரு திரைப்படமே வந்தாயிற்று. அந்தக் கதைக்கு ஆதாரம் மெல்லிசானது. வீரிருப்பில் இருப்பது கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய உறவு.

அங்கே ஜப்பானைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் உணரும். இந்தச் சங்கத்தார் வழிபாட்டில் கைப்பிடி வைத்த தட்டையான தோல் பறை ஒன்றை குச்சியால் அடித்துக்கொண்டு 'நமு மியோஹோ ரெங்கே கியோ' என்று ஓதுவார்கள். ஒரே சீரான அடி, ஏற்ற இறக்கமில்லாத குரல். காலையும் மாலையும் வழிபாடு நடத்துவது அவர்கள் வழக்கம் என்பதால், நடுப்பகலில் போய்ப் படம் எடுத்துத் திரும்புவதைவிட அந்த நேரத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருவது மேல். செருப்பைக் கழற்றிவிட்டு, வலமாகச் சுற்றி, பேச்சைக் குறைத்துக்கொள்வது முறை. படம் எடுப்பதற்கு முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கிமோனோ வேடம் போட்டுப் போவதைத் தவிர்க்கலாம், அது வழிபாட்டிடம்.

சங்கரன்கோவில் ஊருக்குள் பார்க்க வேண்டியது சங்கரநாராயணர் கோயில். பாதி சிவன், பாதி திருமால், ஒரே மேனி. ஜப்பானில் ஷின்டோ தெய்வங்களும் புத்தரும் ஆயிரம் ஆண்டு ஒரே வளாகத்தில் கலந்து வழிபடப்பட்டார்கள். 1868இல் மெய்ஜி அரசு உத்தரவு போட்டுப் பிரித்தது, அப்போது எத்தனையோ புத்தர் சிலைகள் அழிந்தன. சங்கரன்கோவிலில் சேர்த்துவைத்ததை யாரும் பிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குச் சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பெயர் உண்டு. சைவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகள் போதுமான அளவு இருக்கின்றன.

இனி, உண்மையிலேயே ஜப்பான் போக நினைப்பவர்களுக்குச் சில கணக்குகள். இந்தப் பகுதியிலிருந்து கிளம்ப மூன்று வழி மலிவு. மதுரையிலிருந்து கொழும்பு போய் ஸ்ரீலங்கன் விமானத்தில் நரிதா, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஏர் ஏஷியா, திருச்சியிலிருந்தே சிங்கப்பூர் வழியாக ஸ்கூட். சென்னைக்கும் டெல்லிக்கும் போய் அங்கிருந்து பறப்பதற்கு முன் இந்த மூன்றின் விலையையும் பார்த்துவிட வேண்டும். மலிவு விமானத்தில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையும், ஆகஸ்ட் நடுவிலும் ஜப்பானியர்களே விடுமுறையில் கிளம்புவதால் எல்லாம் விலையேறும். நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்ப மட்டும் அதை வாங்குவது நஷ்டம், இரவுப் பேருந்து பாதிக்கும் பாதி. சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்கறி மட்டுமே தெரிகிற சூப்பிலும் உலர்மீன் சாறு இருக்கும். 

இங்கே செங்கோட்டைத் தடத்தில் மூன்று நாளுக்கு விடுதி, சாப்பாடு, பேருந்து எல்லாம் சேர்த்து ஆகிற செலவு அந்த ரயில் பாஸின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் சிவகாசியை விட்டுவிடலாம், காட்டையும் விட்டுவிடலாம். ஆண்டாள் கையிலுள்ள கிளியையும் வீரிருப்பின் மாலை வழிபாட்டையும் விடக் கூடாது. வழிபாடு முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும் என்பதால், சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.